எண்ணெய்த் தலையும் குரங்குக் குல்லாவும்

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கப் பார்த்தாள். அரை மணி நேரம் தேய்த்தும் ஒன்றுகூட அசையவில்லை. புத்தகத்தில் போட்டிருப்பது பொய்யா என்று கேட்கிறாள்.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பொய்யில்லை அம்மா. அன்றைக்குக் காலையில் எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டீர்களா? அதுதான் முதல் வில்லன். முடிக்கும் சீப்புக்கும் நடுவே எண்ணெய் புகுந்தால் இரண்டும் சரியாக உரசுவதில்லை. உரசினால்தான் முடியிலிருந்து எலக்ட்ரான்கள் என்னும் எதிர்மின் துகள்கள் சீப்புக்குத் தாவும். அப்படிச் சேரும் மின்னூட்டம்தான் காகிதத்தை இழுக்கும்.

இரண்டாவது வில்லன் கடல் காற்று. சீப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து, சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். நானே ஓர் ஐப்பசி மழை நாளில் இதைச் செய்துகாட்டப் போய், நாற்பது பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்திருக்கிறேன். ஈரக் காற்றில் இந்த ஈர்ப்பு மங்கிவிடும் என்று இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-லேயே எழுதிவிட்டார், நான்தான் படிக்கவில்லை.

சீப்பை விடுங்கள். வயரிங் வேலையில் மிஞ்சிய பிவிசி பைப் ஓர் அடி போதும். சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பரணில் கிடக்கும் தாத்தாவின் குரங்குக் குல்லாவையும் கூடவே காயப்போடுங்கள். அசல் கம்பளி என்றால் ரொம்ப நல்லது. வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியம் இரண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு, குல்லாவால் பைப்பை இருபது தடவை வேகமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்த்த பக்கத்தைக் கையால் தொடக் கூடாது.

இப்போது காலி குளிர்பான டின் ஒன்றை வழவழப்பான தரையில் படுக்கவைத்து, பைப்பைப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடாமலே டின் உருண்டு வரும். பைப்பை நகர்த்த நகர்த்த விடாமல் வரும். பைப்பில் உள்ள எலக்ட்ரான்கள் டின்னின் எலக்ட்ரான்களை அந்தப் பக்கம் தள்ளிவிடுவதால், இந்தப் பக்கம் நேர்மின் பக்கமாகி இழுபடுகிறது. குழாயைத் திறந்து நூல் போலத் தண்ணீர் விட்டால் அதுவும் வளையும். பைப் நனைந்தால் ஆட்டம் முடிந்தது, மறுபடி வெயில்தான்.

அப்புறம் காகிதத் துணுக்குகள். ஒட்டியவற்றில் சில, சற்று நேரத்தில் தெறித்து விழும். தோற்றுவிட்டோம் என்று நினைத்துவிடப் போகிறாள்! பைப்பிலிருந்து எலக்ட்ரான் வாங்கிக்கொண்ட துணுக்கைத்தான், இரண்டும் எதிர்மின் ஆகிவிட்டதால், பைப் உதறித் தள்ளுகிறது.