மேடைக்கு யாரை அழைப்பது?
பாதுகாப்புத் துறை மாநாடுகளும் செயற்கை நுண்ணறிவுப் பேச்சாளர்களும்: வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் மாவட்ட ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் கல்லூரியில் ‘கடலோரப் பாதுகாப்பில் செயற்கை நுண்ணறிவு’ என்று இரண்டு நாள் மாநாடு நடத்துகிறோம். பேச்சாளர்களை ஏற்பாடு செய்து தரும் நிறுவனம் ஒன்று 12 பேர் பட்டியல் அனுப்பியிருக்கிறது. எல்லாருடைய குறிப்பும் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– பேராசிரியை, கீழக்கரை

பட்டியலை மூடி வையுங்கள். அரங்கில் உட்காரப் போகிறவர்கள் யார், அவர்கள் எந்த மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வீடு திரும்ப வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். உதாரணத்துக்கு: சிறிய ஃபைபர் படகை ரேடார் படத்தில் அலையிலிருந்து எப்படிப் பிரிப்பது? புதுக் கண்டுபிடிப்புக்கு நிதி தரும், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டத்துக்கு ஒரு சின்ன நிறுவனம் எப்படி விண்ணப்பிப்பது? இயந்திரம் தவறாக அடையாளம் காட்டினால் யார் பொறுப்பு? முதல் கேள்விக்கு ஆராய்ச்சியாளர் வேண்டும். இரண்டாவதற்குக் கொள்முதல் நடைமுறையில் அடிபட்டு எழுந்தவர் வேண்டும். மூன்றாவதற்குச் சட்டம் தெரிந்தவர் வேண்டும். மூன்றையும் நானே பேசுகிறேன் என்று ஒருவர் சொன்னால், மூன்றையும் மேலோட்டமாகத்தான் பேசுவார்.

இப்போது பட்டியலைத் திறக்கலாம். ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் கேளுங்கள்: அண்மையில் பேசிய ஒரு முழு உரையின் வெட்டாத காணொளி, அந்த உரையின் ஸ்லைடுகள், உங்கள் தலைப்பில் அவர் கைப்பட எழுதிய ஒரு பத்தி. இரண்டு நிமிட விளம்பரத் தொகுப்பை ஏற்காதீர்கள். முழுக் காணொளி வந்தால் முதலில் கடைசி 15 நிமிடத்தைப் பாருங்கள். கேள்வி நேரம் அங்கேதான் இருக்கும். ஒத்திகை பார்த்த பேச்சு யாருக்கும் வரும். முன்பின் தெரியாதவர் கேட்கும் கேள்விக்கு என்ன சொல்கிறார் என்பதில்தான் ஆள் தெரிவார். உரைக்குள் எந்த உணரி (சென்சார்), எந்தத் தரவு, எந்த மாதத்தில் எடுத்தது, எப்படிச் சோதித்தார்கள் என்ற நான்கும் வருகிறதா பாருங்கள். நான்கும் இல்லாமல் ‘புரட்சி’, ‘எதிர்காலப் போர்’ என்று மட்டும் வந்தால் அந்த உரையை எந்த ஊரிலும் எந்த மாநாட்டிலும் பேசலாம். உங்களுக்கு அது வேண்டாம்.

தேறிய நான்கைந்து பேரிடம் அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுங்கள். பாடம் தெரிந்த ஓர் ஆசிரியர் கூட இருக்கட்டும். கேட்க வேண்டியது ஒன்றே: “உங்கள் முறை எங்கே தோற்றது?” கையால் வேலை செய்தவர் யோசிக்காமல் சொல்வார். அலை எழும்பினால் படகு மறைந்தது, கேமரா கண்ணாடியில் உப்புப் படலம் ஏறியதும் படம் மங்கியது, கரையிலிருந்து தள்ளிப் போனதும் இணைப்பு அறுந்தது என்று சொல்லிக்கொண்டே போவார். “எங்கேயும் தோற்கவில்லை” என்பவரை விட்டுவிடுங்கள்.

குறிப்பில் உள்ள பட்டங்களையும் சரிபாருங்கள். பாதுகாப்புத் துறைக்கான செயற்கை நுண்ணறிவுக் குழுவும் அதன் திட்ட முகமையும் 2019இல் அமைக்கப்பட்டன. 2022 ஜூலையில் டெல்லியில் 75 செயற்கை நுண்ணறிவுப் பொருட்களைப் பாதுகாப்பு அமைச்சர் வெளியிட்டார். இந்தப் பெயர்களையெல்லாம் தன் குறிப்பில் ஒட்டிக்கொள்வது எளிது. ‘அந்த 75இல் ஒன்று எங்களுடையது’ என்று ஒருவர் எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள்; அந்தப் பட்டியலை அமைச்சகம் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறது. ‘அமைச்சக ஆலோசகர்’ என்றால் நியமனக் கடிதத்தைக் கேட்பதில் தப்பே இல்லை. முன்பு அவரை அழைத்த இரண்டு அமைப்பாளர்களிடமும் பேசிவிடுங்கள்.

பணியில் இருக்கும் கடற்படை அதிகாரியையோ டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு) விஞ்ஞானியையோ பேச அழைக்க முடியுமா? தெரிந்தவர் மூலமாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்றே பதில் வருகிறது.
– சிறுதொழில் சங்க நிர்வாகி, இராமநாதபுரம்

தனி ஆளைக் கேட்டால் அவர் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும். மேலிட அனுமதி இல்லாமல் அவர் மேடை ஏற இயலாது. கடிதம் நிறுவனத் தலைவருக்குப் போக வேண்டும். டி.ஆர்.டி.ஓ.வில் செயற்கை நுண்ணறிவு என்றால் பெங்களூரில் 1986இல் தொடங்கிய ‘கேர்’ ஆய்வகம், கடலுக்கடியில் ஒலி, சோனார் என்றால் கொச்சியில் உள்ள ‘என்.பி.ஓ.எல்.’ ஆய்வகம். எந்த ஆய்வகம் எந்த வேலை செய்கிறது என்று தெரிந்து எழுதினாலே பாதி மரியாதை கிடைத்துவிடும்.

கடிதத்தோடு நிகழ்ச்சி நிரல், மற்றப் பேச்சாளர்கள் யார், எந்த நாட்டவர், பண உதவி செய்பவர் யார், பார்வையாளர் யார், ஒளிபரப்பு உண்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். பண உதவி செய்பவர் பெயரைக் கடைசி வாரத்தில் சேர்ப்பதுதான் பல அழைப்புகளைக் கெடுக்கிறது. அந்த நிறுவனம் அதே ஆய்வகத்துக்குப் பொருள் விற்க முயல்வதாக இருந்தால் வருபவருக்குச் சங்கடம். குறைந்தது 90 நாள் முன்னதாக எழுதுங்கள். அவருடைய ஸ்லைடுகளும் அனுமதி பெற்றுத்தான் வரும் என்பதால் தலைப்பை நடுவில் மாற்றாதீர்கள். பதிவு செய்யவும் இணையத்தில் ஏற்றவும் தனி அனுமதி வாங்குங்கள். எங்கே எத்தனை கருவி நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற கேள்வி எழுந்தால் நெறியாளரே தடுத்துவிட வேண்டும். பேச்சாளரை அந்த இக்கட்டில் விடக் கூடாது.

ஓய்வு பெற்றவர் என்றால் வருவது எளிது. ஆனால் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வோடு முடிவதில்லை. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர் என்றால் இப்போது எந்தத் துறையோடு தொடர்பில் இருக்கிறார் என்றும் கேளுங்கள். இந்தத் துறை மூன்று ஆண்டில் அடையாளம் தெரியாமல் மாறிப்போகிறது.

இன்னொன்று. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் தடத்தின் (காரிடார்) மையங்கள் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்தும். நம் மாவட்டம் அதில் இல்லை. ஆகவே ‘தடத்தில் முதலீடு’ என்ற வழக்கமான உரையை இங்கே கொண்டுவந்து பயனில்லை. கடலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று பேசுபவரைத் தேடுங்கள்.

ஒரு நிறுவனத்தின் பேச்சாளர், தங்கள் மென்பொருள் சந்தேகப் படகை 99 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கும் என்கிறார். நம்பி மேடை தரலாமா?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மண்டபம்

மேடை தரும் முன் அவரை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஓர் இரவில் 1,000 படகு கடலில் இருக்கிறது. அதில் உண்மையிலேயே சந்தேகத்துக்குரியது 2 என்று வைப்போம். 99 சதவீதம் என்றால் அந்த இரண்டும் அநேகமாக மாட்டும். மிச்சம் 998 படகில் 1 சதவீதம் தவறாக மாட்டும். அதாவது சுமார் 10. மொத்தம் 12 எச்சரிக்கை, அதில் 10 பொய். ரோந்துப் படகு 12 தடவை புறப்பட்டு 10 தடவை ஒரு மீனவரை நிறுத்தி, வலையை இழுக்கச் சொல்லித் திரும்பும். ஒரு வாரம் இப்படி நடந்தால் திரையைப் பார்ப்பவர் எச்சரிக்கையையே பொருட்படுத்த மாட்டார். இந்தக் கணக்கைக் கேட்டதும் பேச்சாளர் விளக்கம் தருகிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். 99 என்பது எதில் 99 என்பதையும் கேளுங்கள். பிடித்ததில் சரியானது எத்தனை, இருந்ததில் பிடித்தது எத்தனை என்ற இரண்டும் வேறு வேறு எண்கள்.

அடுத்தது நம் கடலைப் பற்றிய கேள்விகள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், நாட்டுப்படகு மட்டும் போகும். அந்த மாதங்களில் எடுத்த தரவை வைத்துப் பயிற்றுவித்த மென்பொருளுக்கு, ஜூன் 15 அன்று ஒரே நேரத்தில் கிளம்பும் விசைப்படகுக் கூட்டம் முழுவதும் விபரீதமாகத் தெரியும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தில் தனித்தனி நாள் பிரித்துக்கொண்ட வழக்கமும் இருக்கிறது. வாடைக் காலத்து அலையும் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்து அலையும் ரேடாருக்கு ஒன்றல்ல. ஆழம் குறைந்த கடல் என்பதால் அலை குட்டையாக, நெருக்கமாக எழும். தாழ்வான வல்லம் (சிறு நாட்டுப்படகு) அதற்குள் மறைந்துபோகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கப்பல் தான் யார், எங்கே இருக்கிறது என்பதைத் தானாகவே அறிவிக்கும் ‘ஏ.ஐ.எஸ்.’ அடையாளக் கருவி. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் உலகச் சந்தையில் விற்கும் பல மென்பொருட்கள், ரேடாரில் தெரிந்து ஏ.ஐ.எஸ். சமிக்ஞை தராத கலத்தைச் சந்தேகப்படும்படி எழுதப்பட்டவை. பெருங்கடலில் அது நல்ல முறை. பாம்பனிலிருந்து கிளம்பும் நாட்டுப்படகில் அந்தக் கருவியே கிடையாது. அந்த முறைப்படி பார்த்தால் ஊரே சந்தேகத்துக்குரியது. இந்த ஒரு பிரச்சினைக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் தாராளமாக மேடை கொடுங்கள். விற்பனையாளர் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். அவர் நிறுவனத்தவர் என்பதை நிரலில் அச்சிடுங்கள், விலைப்பட்டியலை அரங்குக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பேச்சாளர் ஒருவராவது இருந்தால் மாநாட்டுக்கு மதிப்பு என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி அலுவலர், தொண்டி

மதிப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம். சொல்ல அவரிடம் தனியாக ஏதாவது இருந்தால் அழையுங்கள். மாநாட்டு விசாவில்தான் வர வேண்டும். ‘சுற்றுலா விசாவில் வந்து பேசிவிட்டுப் போகட்டும்’ என்று சொல்பவர் பேச்சைக் கேட்டால் மாட்டுவது நீங்கள்தான். உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் அனுமதிக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

அமெரிக்கர் என்றால் இன்னொரு கட்டு: அவர்கள் நாட்டு ஆயுத ஏற்றுமதி விதிப்படி, கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்ப விவரத்தை வெளிநாட்டவரிடம் வாயால் சொல்வதும் ஏற்றுமதிதான். ஆகவே அவரிடம் கருவியின் உள்விவரம் கேட்காதீர்கள். தானியங்கி ஆயுதங்கள் பற்றிய அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 3000.09 எண் ஆணை 2012இல் வந்து 2023 ஜனவரியில் திருத்தப்பட்டது. அது வெளிப்படையான ஆவணம். மனிதர் முடிவெடுக்க வேண்டிய இடம் எது என்பதைப் பற்றி அதை வைத்துப் பேசச் சொன்னால் உங்களுக்கும் பயன், அவருக்கும் தொந்தரவில்லை.

கடலைப் பற்றி இரண்டு நாள் பேசுகிறார்கள். கடலுக்குப் போகிற எங்களில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. இது சரியா?
– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

சரியில்லை, அய்யா. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரக் கண்காணிப்பு இறுகியபோது அடையாள அட்டை வாங்க வரிசையில் நின்றவர்கள் மீனவர்கள்தான். கடலில் புதுப் படகு ஒன்று தென்பட்டால் எந்த மென்பொருளுக்கும் முன்னால் அறிகிறவர்களும் நீங்கள்தான்.

அமைப்பாளர்களுக்கு நாங்கள் சொல்வது: மீனவரைத் தொடக்க விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். 25 நிமிடம் தனி நேரம் கொடுங்கள். மென்பொருள் பேசியவர் எதிரில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லட்டும். தொழிலுக்குப் போகாத நாளையோ தடைக்காலத்தையோ பார்த்துத் தேதி வையுங்கள். மற்றவர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தருவதோடு, தொழில் நாளாக இருந்தால் அன்றைய வருமான இழப்பையும் சேர்த்துத் தர வேண்டும். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் கிடைக்கும் என்று மேடையில் சொல்ல வைக்காதீர்கள். அது அவர் சோறு. அவர் படகையோ முகத்தையோ படமெடுத்துப் பயிற்சித் தரவாக வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே விளக்கித் தமிழில் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். அவர் மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

பேச்சாளர் கடற்கரையில் ட்ரோன் பறக்கவிட்டு நேரடியாகக் காட்டுகிறேன் என்கிறார். விடலாமா?
– மாணவர், உச்சிப்புளி

உங்கள் ஊரிலேயே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம் இருக்கிறது. கடற்படை நிலையங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடுவதைக் கடற்படை தடை செய்திருக்கிறது. மீறினால் ட்ரோன் போகும், வழக்கும் வரும். 2021 ட்ரோன் விதிகளின்படி அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பாருங்கள்; அங்கே பறக்க அனுமதி வேண்டுமா என்பதை நிறம் சொல்லும். தீவுப் பக்கம் என்றால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறையைக் கேட்க வேண்டும்.

அரங்குக்குள் காட்டச் சொல்வதே மேல். முன்பே எடுத்த, திருத்தாத பதிவை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அவருடைய மடிக்கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டட்டும். கடலில் இணைப்பு கிடையாது என்பதால் இணையம் இல்லாமல் ஓடாதது படகிலும் ஓடாது. யு.பி.எஸ்., ஜெனரேட்டர் இரண்டும் வையுங்கள். மின்சாரம் மாறும் அந்த ஒரு நொடியில்தான் கணினி அணைந்துபோகிறது.

பணம், ஒப்பந்தம், ஸ்லைடு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை?
– மாநாட்டுச் செயலர், பரமக்குடி

மதிப்பூதியம், பயணம், தங்குமிடம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வரிப் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் கடைசி நேர மனக்கசப்பு இல்லை. மதுரை விமான நிலையத்திலிருந்து இங்கே வர இரண்டு மூன்று மணி நேரம் சாலைப் பயணம் என்பதால் காலை விமானத்தில் வருபவருக்கு முற்பகல் உரை போடாதீர்கள். வராமல் போனால் யார் மாற்று என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ‘எங்கள் நிறுவனத்திலிருந்து வேறொருவர்’ என்று மட்டும் எழுதினால் விற்பனைப் பிரிவிலிருந்து ஆள் வருவார்.

ஸ்லைடுகளை ஒரு வாரம் முன்னதாக பி.டி.எஃப். வடிவில் வாங்குங்கள். அன்றைக்குப் பென்டிரைவ் செருக அனுமதிக்காதீர்கள். பங்கேற்பாளர் பட்டியலை எந்தப் பேச்சாளருக்கும், பண உதவி செய்பவருக்கும் கொடுக்காதீர்கள். பாதுகாப்புத் துறையினரின் கணினிக்குள் நுழையப் போலி மாநாட்டு அழைப்பு அனுப்புவது பழைய உத்தி. உங்கள் பட்டியல் வெளியே போனால் அடுத்த போலி அழைப்பு உங்கள் மாநாட்டின் பெயரிலேயே போகும். உங்கள் உண்மையான அழைப்பு எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் என்பதைக் கல்லூரியின் இணையதளத்தில் முதல் நாளே போட்டுவிடுங்கள்.