எம்.சி. எடுத்த அன்று தெரியும்

தம்பி, மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாசில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது, ராத்திரி பதினொரு மணிக்கும் மேலாளர் வாட்ஸ்அப் அனுப்புகிறார், தூக்கமே போய்விட்டது, "இங்கே எல்லா ஆபீசும் இப்படித்தானா அண்ணே, இல்லை எனக்குத்தான் தாங்கவில்லையா?" என்று கேட்டிருந்தீர்கள்.

எல்லா ஆபீசும் அப்படி இல்லை. பினாங்குக்கு வந்த பதினாறு வருடத்தில் மூன்று இடம் பார்த்துவிட்டேன். முதல் இடத்தில் ஒருமுறை நல்ல காய்ச்சல். கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கொடுத்தார்கள். படம் எடுத்து அனுப்பிய கையோடு போன்: "பேசத் தெம்பு இருக்கிறதல்லவா, அப்படியே மீட்டிங்கில் சேர்ந்துகொள்." போர்வைக்குள் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் தலையாட்டினேன், கேமரா அணைத்திருந்தும்! அந்த வருடம் முழுக்க ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசையும். காஸ்ட்ரிக் என்று நினைத்து மாத்திரை வாங்கித் தின்றேன். வேலை மாறிய இரண்டாம் மாதம் அந்த மாத்திரையை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோனது.

இப்போதைய இடத்தில் எம்.சி. அனுப்பினால் "ரெஸ்ட் எடு" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஒருமுறை பக்கத்து மேசைச் சீன அக்கா கஞ்சி தாப்பாவ் (பார்சல்) பண்ணி, எங்கள் அடுக்குமாடிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகிவிட்டது. முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 14 நாள் எம்.சி. உண்டு. ஆனால் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் ஓ.டி. (ஓவர்டைம்) காசைச் சட்டப்படி கேட்க முடியாது. அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு ராத்திரி மெசேஜ்!

அப்புறம் ஒன்று. அந்த மெசேஜுக்கு மற்றவர்களும் அப்போதே பதில் போடுகிறார்களா? பல இடங்களில் நம் ஊர் ஆள்தான் உடனே "எஸ் சார்" போட்டுப் பழக்கிவிடுகிறான். மீட்டிங்கில் கவனித்தால் தெரியாது. அங்கே எல்லாரும் "ஓகே லா" என்பார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்தியானம் மேசையிலேயே டப்பாவைத் திறக்காமல், அவர்களோடு நாசி கண்டார் (சோறும் கறியும்) கடைக்குப் போங்கள். அங்கேதான் உள்ளபடி பேசுவார்கள்.

உங்கள் வேலை அனுமதிப் பாஸ் அந்த நிறுவனத்தின் பேரில் இருப்பதால், வேறு வேலை கைக்கு வருமுன் கோபத்தில் ராஜினாமா எழுதிவிடாதீர்கள். அடுத்த பதினொரு மணி மெசேஜுக்குக் காலை எட்டரைக்குப் பதில் போட்டுப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.