பிடிபி ‘லாக்ட்’ என்கிறது, நேரமோ பிந்துகிறது: கோளாறு எங்கே?

கேள்வி: எங்கள் 5ஜி டிடிடி (ஒரே அலைவரிசையில் முறைவைத்து அனுப்பிப் பெறும்) சைட்டுக்கு வரும் ஃபைபர் அறுந்து, ஸ்ப்ளைஸ் (ஒட்டு) போட்டுச் சரிசெய்தார்கள். ரௌட்டரில் பிடிபி (நெட்வொர்க் வழியே நேரத்தைக் கொண்டுவரும் முறை) ‘லாக்ட்’, கிளாக் கிளாஸ் 6 (மூலக் கடிகாரம் நல்ல நிலையில்), அலாரம் ஏதுமில்லை. ஆனால் ஜிபிஎஸ் டெஸ்டரில் 1பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு துடிப்பு) 2.1 மைக்ரோசெகண்ட் பிந்தி வருகிறது. மீன் பாத் டிலே (ஒருவழிப் பயண நேரத்தின் சராசரி) 61.2-லிருந்து 63.3 மைக்ரோசெகண்டாக ஏறியிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: டெஸ்டரை நம்புங்கள். டிடிடிக்கு வரம்பு ±1.5 மைக்ரோசெகண்ட், உங்கள் சைட் அதைத் தாண்டிவிட்டது.

பிடிபி, போகவர ஆகும் மொத்த நேரத்தை இரண்டால் வகுத்து, இரு திசையும் சமம் என்று வைத்துக்கொள்கிறது. சமம்தானா என்று பார்க்க அதனிடம் வழியே இல்லை. ‘லாக்ட்’ என்றால் அதன் கணக்கு தனக்குள் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். சிங்க்-ஈயும் (ஈதர்நெட் சிக்னலோடு வரும் கிளாக்) இதில் உதவாது. அது அதிர்வெண்ணை மட்டுமே பிடித்து வைக்கும்.

நீங்கள் கொடுத்த எண்களே கோளாறைச் சொல்லிவிடுகின்றன. ஒரே கேபிளில் ஸ்ப்ளைஸ் போட்டால் இரண்டு கோரும் (போக ஒன்று, வர ஒன்றாக உள்ள இழைகள்) சேர்ந்தே நீளும்; பாத் டிலே ஏறும், நேரம் பிசகாது. ஒரு கோர் மட்டும் நீண்டால், பாத் டிலே எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு நேரமும் பிசகும். இங்கே இரண்டுமே 2.1. ஆக, இரு திசைக்கும் வித்தியாசம் 4.2 மைக்ரோசெகண்ட். ஃபைபரில் மீட்டருக்குச் சுமார் 4.9 நானோசெகண்ட் என்பதால், ஒரு கோர் ஏறக்குறைய 860 மீட்டர் சுற்றிவருகிறது. நேரம் பிந்துவதால் அது சைட்டை நோக்கி வரும் கோர், அதாவது சைட் பக்க எஸ்எஃப்பியின் (ஃபைபரைச் செருகும் மாட்யூல்) ஆர்எக்ஸ், பெறும் பக்கம். பெரும்பாலும் அந்தக் கோரை மட்டும் வேறு கேபிளின் ஸ்பேரில் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

டெஸ்டரின் ஆன்டெனா கேபிளுக்கு டிலே போட மறந்திருந்தாலும் 30 மீட்டருக்கு 120-150 நானோசெகண்ட்தான் வரும், 2.1 மைக்ரோ வராது. பிசகு டிராஃபிக்கோடு ஏறி இறங்கினால் மட்டும், வழியில் பிடிபி தெரியாத ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மெயின்டனன்ஸ் நேரம் வாங்கி, இரு முனையிலும் எஸ்எஃப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கோரையும் ஒரே முனையிலிருந்து, ஒரே அலைநீளத்தில் ஓடிடிஆரால் (ஒளித் துடிப்பு அனுப்பி ஃபைபர் நீளம் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். 860 மீட்டர் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோரைப் பழைய கேபிளுக்கே கொண்டுவருவதுதான் சரியான தீர்வு. ஒரே ஃபைபரில் ஓடும் பைடை எஸ்எஃப்பியும் நல்ல வழி: 1310/1550 நானோமீட்டர் அலைநீள இணையில் கிலோமீட்டருக்குச் சுமார் 2 நானோசெகண்ட் வித்தியாசம்தான்.

உடனே முடியாவிட்டால், அந்த இணைப்பு முடியும் ரௌட்டரின் ஸ்லேவ் போர்ட்டில் (நேரத்தைப் பெறும் போர்ட்) அசிமெட்ரி (இரு திசை வித்தியாசத்துக்கான திருத்தம்) +2100 நானோசெகண்ட் கொடுங்கள். பேஸ் ஸ்டேஷனில் அல்ல. பிறகு டெஸ்டரைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு வந்தால் சரி. 4.2 ஆனால் குறியை மாற்றுங்கள். 1.05 மிஞ்சினால், உங்கள் ரௌட்டர் முழு வித்தியாசத்தைக் கேட்கிறது, 4200 போடுங்கள்.

இந்த எண்ணைச் சைட் பதிவேட்டிலும் ஃபைபர் குழுவிடமும் கட்டாயம் எழுதிவையுங்கள். நாளை அவர்கள் கோரைப் பழைய இடத்துக்கு மாற்றினால், இதே எண் சைட்டை 2.1 மைக்ரோசெகண்ட் முந்த வைக்கும். அப்போதும் அலாரம் வராது.