பழைய வயர் ரோப்பா? கிரீஸைத் துடைத்துப் பாருங்கள்

கேள்வி: கிணறு தூர்வாரும் கிரேனுக்கு 12 மி.மீ. வயர் ரோப் தேவை. பழைய இரும்புக் கடையில் கிரீஸ் பூசிய ரோப் கிலோ கணக்கில் கிடைக்கிறது. வெளியே ஒரு கம்பிகூட அறுந்ததாகத் தெரியவில்லை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கிரேனில் மண் மட்டும் ஏறுவதில்லை, ஆளும் இறங்குகிறார். முன்பு எந்தக் கப்பியில் ஓடியது, எவ்வளவு சுமை இழுத்தது என்று தெரியாத ரோப்பை நம்பி ஒருவரை 60 அடி ஆழத்துக்கு அனுப்பக் கூடாது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரோப்பையும் ஒருமுறை பாருங்கள். முதலில் கம்பி பிரஷ்ஷால் கிரீஸையும் மண்ணையும் எடுங்கள். பருத்தித் துணியால் ரோப்பைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்தால், அறுந்த கம்பி துணியில் மாட்டும். வெறுங்கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

அடுத்து தடிமன். பல கம்பிகளை முறுக்கிய திரி ஒவ்வொன்றும் ஒரு புரி; புரிகள் சேர்ந்ததுதான் ரோப். வெர்னியர் அளவுகோலை எதிரெதிர்ப் புரிகளின் முதுகில் வைத்து அளக்க வேண்டும். புரிகளுக்கு நடுவே வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். ஒரே இடத்தில் குறுக்காக இரண்டு முறை, டிரம் பக்கம், கப்பி ஏறும் இடம், நுனி என்று பல இடங்களில் அளவெடுங்கள். புதிதில் 12.4 மி.மீ. இருந்த நார் மைய ரோப் (நடுவில் கம்பிக்குப் பதில் நார் உள்ளது) 11.2-க்கு இறங்கினால் கழற்ற வேண்டியதுதான். ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று மெலிந்திருந்தால் உள்ளே மையம் நசுங்கிவிட்டது. வெளிக்கம்பி பளபளவென்றே இருக்கும், ஏமாறாதீர்கள்.

மறைந்த சேதம் தெரிவது புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில். சுமையை இறக்கி, ரோப்பைத் தளர்வாக வளைத்துப் பாருங்கள். பள்ளத்தில் அறுந்த கம்பியின் முனை எட்டிப் பார்க்கும். வெளி முதுகில் அறுந்தால் அது தேய்மானம். பள்ளத்தில் அறுந்தால் புரிகள் ஒன்றோடொன்று உரசி உள்ளே அறுகின்றன என்று பொருள். ஆள் இறங்கும் ரோப்பில் அப்படி ஒன்று தெரிந்தாலே போதும், மாற்றிவிடுங்கள். வளைக்கும்போது பள்ளத்திலிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் உள்ளே எண்ணெய் வற்றித் துரு பிடித்திருக்கிறது. மேலே எவ்வளவு கிரீஸ் பூசினாலும் அது சரியாகாது.

முதுகில் அறுந்தவற்றை முறுக்கு நீளத்தை, அதாவது ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் நீளத்தை, வைத்து எண்ண வேண்டும். ரோப்பின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். புரிகளின் தடம் வரிசையாக விழும். ஆறு புரி ரோப்பில் ஒரு தடத்திலிருந்து ஆறு தடம் தள்ளி அளந்தால் ஒரு முறுக்கு, 12 மி.மீ. ரோப்பில் ஏறத்தாழ 75 முதல் 85 மி.மீ. அந்த நீளத்துக்குள் ஆறு கம்பி, அல்லது ஒரே புரியில் மூன்று கம்பி அறுந்திருந்தால் ரோப் முடிந்தது. கண்ணி விழுந்து மடிந்த இடம், கூண்டுபோல் உப்பிய இடம், வெல்டிங் பொறி பட்ட இடம் ஆகியவற்றுக்கு எண்ணிக்கையே வேண்டாம், ரோப்பை மாற்றிவிடுங்கள்.

புதிது வாங்கும்போது ஐ.எஸ். 2266 (வயர் ரோப்புக்கான இந்தியத் தர நிர்ணயம்) முத்திரையும், அறுபடு சுமை எழுதிய சோதனைச் சான்றிதழும் கேளுங்கள். 1770 கிரேடு (கம்பியின் வலிமையைக் குறிக்கும் எண்), நார் மையம், 12 மி.மீ. என்றால் அறுபடு சுமை சுமார் 8 டன் இருக்கும். ஆள் ஏறும் வேலைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றாதீர்கள்.

கேள்வி: நுனியில் கிளிப் எப்படிப் போடுவது?

பதில்: வளையத்துக்குள் திம்பிள் (ரோப் நசுங்காமல் காக்கும் உலோகக் காடி) வைத்து, குறைந்தது மூன்று கிளிப், 7 முதல் 8 செ.மீ. இடைவெளியில். கிளிப்பின் அடிக்கட்டை சுமை தாங்கும் ரோப் பக்கம், யு போல்ட் குட்டை நுனிப் பக்கம். மாற்றிப் போட்டால் யு போல்ட் சுமை தாங்கும் கம்பிகளை நசுக்கிவிடும். முதல் சுமை தூக்கியதும் ரோப் சற்று மெலியும், நட்டுகளை மீண்டும் முறுக்குங்கள். கிளிப் ஓரத்தில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அந்த நுனியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.