பொடியாக வரும் பெப்டைடு ஊசி மருந்தை முன்கூட்டியே கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா?

குளுக்ககானைப் பொறுத்தவரை கூடவே கூடாது. முதலாம் வகை நீரிழிவு உள்ள என் மகளுக்காக அந்த மருந்தை எப்போதும் வீட்டில் வைத்திருப்பதால், அதைக் கொண்டே விடை சொல்கிறேன்.

குளுக்ககான் 29 அமினோ அமிலங்களால் ஆன பெப்டைடு, அதாவது ஒரு சிறு புரதச் சங்கிலி. இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி ஒருவர் நினைவிழக்கும்போது, கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக இரத்தத்தில் விடச்செய்து அவரை மீட்கிறது. ஆனால் நீரில் கரைந்த பிறகு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நுண்ணிழைகளாகத் திரண்டு, கரைசல் கூழாகிவிடக்கூடும் என்பதால்தான் 1 மில்லிகிராம் பொடியை ஒரு குப்பியிலும், கரைப்பதற்கான 1 மில்லிலிட்டர் நீரைத் தனிச் சிரிஞ்சிலும் அடைத்துத் தருகிறார்கள்.

கலக்க வேண்டிய நேரம் வந்தால், சிரிஞ்சில் உள்ள நீர் முழுவதையும் குப்பிக்குள் செலுத்தி, பொடி கரையும்வரை மெல்ல அசைத்து, கரைசல் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பின்பே திரும்ப இழுக்க வேண்டும். கூழாகவோ துகள்களோடோ இருந்தால் போடக்கூடாது. காற்றுக்குமிழிகளை வெளியேற்றி உடனே போட்டுவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பாதி அளவுதான். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டுப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள், பதற்றத்தில் நினைவுக்கு வராது. வாந்தி வரக்கூடும், ஆகவே ஊசி போட்டதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.

கலக்காத பொடியையும் அலட்சியமாக வைக்க முடியாது. குளுக்காஜென் ஹைப்போகிட் என்ற குளுக்ககான் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். 25 டிகிரிக்குக் கீழே என்றால் வெளியிலும் 18 மாதம் வரை வைக்கலாம் என்கிறார்கள், ஆனால் நம் ஊர்க் கோடையில் அறை வெப்பம் அந்த வரம்புக்குள் நிற்காது. உறைநிலை அறையில் வைக்காதீர்கள். வெளிச்சம் படாமலிருக்க அதன் சொந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஆனால் எல்லாப் பொடிகளும் இப்படியல்ல. கருத்தரிப்புச் சிகிச்சையில் போடும் எச்சிஜி என்ற ஹார்மோனின் சில பொடிகள் பென்சைல் ஆல்கஹால் சேர்த்த நீருடன் வருகின்றன. கலந்த பின் குளிரில் வைத்துப் பல நாள் பயன்படுத்தலாம். அந்த ஆல்கஹால் கிருமி வளராமல் தடுக்குமே தவிர மருந்து சிதைவதைத் தடுக்காது; ஆகையால் ஒன்றின் நீரை மற்றொன்றுக்கு மாற்றாதீர்கள், லேபிளில் உள்ள கெடுவைத் தாண்டாதீர்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று இணையத்தில் விற்கும் பொடிகளை எவ்வளவு கவனமாகக் கலந்தாலும், குப்பிக்குள் ஏற்கெனவே இருக்கும் அசுத்தத்தை வீட்டில் நீக்க வழியில்லை; அவற்றை உடலில் செலுத்தாதீர்கள்.