தீமிதி படத்துக்கு எந்த போன்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். போன வருடம் என் தம்பி பூக்குழி இறங்கியதை போனில் எடுத்தேன். இருட்டிவிட்டது. முகம் மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கிறது, மஞ்சள் வேட்டி ஆரஞ்சாகிவிட்டது. இப்போது ஒரே விலையில் இரண்டு போன் பார்த்திருக்கிறேன். ஒன்று 108 மெகாபிக்சல், இன்னொன்று 50. பெரிய எண்ணையே வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 108 உள்ள போன் வழக்கமாக ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் தரும். 50 உள்ளது நான்கு நான்காகச் சேர்த்து 12.5 தரும். கையில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

இருட்டில் சென்சாரின் (லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கும் சில்லு) அளவும் லென்ஸ் திறப்பும்தான் பேசும். சென்சாரை 1/1.5 அங்குலம், 1/2.8 அங்குலம் என்று பின்னமாகப் போடுவார்கள். கீழே உள்ள எண் குறையக் குறைய சென்சார் பெரிது. லென்ஸ் திறப்பை எஃப் எண்ணால் சொல்வார்கள்; அதிலும் எண் குறைந்தால் திறப்பு பெரிது. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.2-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் போதாதபோது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை மென்பொருள் தேய்த்து அழிக்கும்போது தோலின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. உங்கள் மெழுகுப் பொம்மை அப்படி வந்ததுதான்.

நிறத்துக்கு போனை மட்டும் குறை சொல்ல முடியாது. தணல் வெளிச்சமே ஆரஞ்சு. அதில் எது மஞ்சள் என்று போன் ஊகிக்கத்தான் முடியும். கேமராவின் புரோ மோடில் வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வதை, நாமே மாற்ற முடிகிற போனாகப் பாருங்கள். நைட் மோடை நம்ப வேண்டாம். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது; சாமி சிலைக்குச் சரி, குழியில் நடக்கிறவரை இழுவிவிடும்.

கடை விளக்கில் எல்லா போனும் நல்ல பிள்ளைதான். மஞ்சள் துணி ஒன்றை எடுத்துப் போய், மேஜைக்கு அடியில் நிழலில் பிடித்து இரண்டிலும் எடுங்கள். அந்தந்தத் திரையில் ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு திரையும் நிறத்தை ஒவ்வொரு மாதிரி காட்டும். உங்கள் போனுக்கே இரண்டையும் அனுப்பி, பெரிதாக்கி, துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படத்தைச் சுருக்கிவிடும்.

அப்புறம், மனம் மாறிவிட்டது என்பதற்காகக் கடையில் வாங்கியதைத் திரும்ப எடுக்கத் தென்னாப்பிரிக்கச் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தாது. ஆன்லைனில் வாங்கினால், கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம்; அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. வந்த அன்று ராத்திரியே கற்பூரம் ஏற்றி, தம்பியை முன்னால் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.