ப்ளோக்கோர் என்றால் என்ன? கால்பந்து ஜெர்சி எப்படி ஃபேஷன் உடையானது?

கால்பந்து ஜெர்சியை மைதானத்துக்கு வெளியே, ஜீன்ஸோடு, அன்றாட உடையாக அணிவதுதான் ப்ளோக்கோர். 2022 வாக்கில் பரவிய பெயர் இது; பழக்கம் அதைவிடப் பழையது. பெங்களூரு அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில், பெலேவுக்குச் சிலை வைத்த நம் தமிழர் தெருக்களில், மஞ்சள் பிரேசில் ஜெர்சியோடு பால் வாங்கப் போகிறவருக்கு இந்தப் பெயரே தேவைப்பட்டதில்லை.

ஏன் பரவியது? கரைவேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் வாய் திறக்குமுன் கரை கட்சியைச் சொல்லிவிடும். ஜெர்சியும் அப்படித்தான், நிறமும் சின்னமுமே 'நான் இந்தக் கூட்டம்' என்றுவிடும். இந்த 'நம்மவர்' உணர்வைப் பெரிய ஃபேஷன் நிறுவனங்களால் தாமாக நெய்துவிட முடியாது, அதனால் கால்பந்திடம் கடன் வாங்குகின்றன. கிளப்களுக்கோ, ஆட்டமே பார்க்காதவரும் ஜெர்சி வாங்கினால் கசக்குமா?

2014-ல் ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட்டின் மூன்றாவது ஜெர்சியை (சொந்த மைதானத்துக்கும் வெளி மைதானத்துக்குமான இரண்டு போக, மாற்றாக வைத்திருப்பது) ஜப்பானிய வடிவமைப்பாளர் யோஜி யமமோட்டோ உருவாக்கினார்: கறுப்புத் துணியில் நெளியும் டிராகன். என் கண்ணுக்கு அதற்கு இணை இன்னும் வரவில்லை. 2018-ல் பாரிஸின் பிஎஸ்ஜி கிளப் ஜெர்சியில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் சின்னம் ஏறியது. 2022-ல் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான கூச்சி தன் ஆடைகளில் அடிடாஸின் மூன்று கோடுகளைப் போட்டுக்கொண்டது.

வடிவமைப்பாளர் பெயர் இருந்தால் அந்த ஜெர்சி ஆடுவதற்கும் சிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். அவர் தருவது பெரும்பாலும் தோற்றத்தைத்தான், வியர்வை உலரும் பாலியஸ்டர் துணி விளையாட்டு உடை நிறுவனத்தின் வேலை.